சீசன் தொடங்கும் முன்பே முடிவெடுத்துவிடுங்கள்: சிறிய சுற்றுலா ஊரின் சுகாதாரத் துறைத் தலைவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: "ஆண்டு முழுவதும் நாலாயிரம் பேர் மட்டுமே வசிக்கும் ஊர். சீசன் மூன்று மாதங்களில் அது பத்து மடங்காகிவிடுகிறது. அந்த ஊரின் சுகாதாரத் துறைக்குத் தலைமை ஏற்கப் போகிறேன். என்னையும் சேர்த்து ஐந்து பேர். எதிலிருந்து தொடங்குவது?" கேட்டவர் மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து வருகிறார், பொதுச் சுகாதாரம் அவருக்குப் புதிது. இதே மாதிரி ஊர்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். சீசனில் எடுக்க வேண்டியிருக்கும் கடினமான முடிவுகளை எல்லாம் சீசனுக்கு முன்பே எடுத்து, எழுதி, உரியவர்களிடம் கையெழுத்தும் வாங்கி வைத்துவிடுங்கள். நீரில் கிருமி எந்த அளவைத் தாண்டினால் குளிக்கும் இடத்தை மூடுவோம், ஒரே விடுதியில் எத்தனை பேருக்கு வாந்திபேதி கண்டால் சமையலறையை நிறுத்துவோம், அந்தச் செய்தியை யார், யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வார் என்பதெல்லாம் ஒரு தாளில் இருக்க வேண்டும். துறையின் மற்ற வேலைகள் அத்தனையும் இந்தத் தாளுக்கு வலு சேர்க்கும் வேலைகள்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இத்தகைய ஊர்களில் ஓராண்டு வருமானம் பத்துப் பன்னிரண்டு வாரங்களில் வந்தாக வேண்டும். விடுதிக்காரர், படகுக்காரர், கடைக்காரர் எல்லாரும் அதை நம்பித்தான் கடன் வாங்கியிருப்பார்கள். அவர்களே உங்கள் அண்டை வீட்டார். உங்கள் துறைக்குப் பணம் ஒதுக்கும் மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அவர்களே. சனிக்கிழமை மாலை ஆய்வக முடிவு கைக்கு வரும்போது ஊர் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் யோசிக்கத் தொடங்கினால், "இன்னொரு மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாமே" என்ற பேச்சு மிகவும் நியாயமாகப் படும். அதைச் சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் நல்லவர்தான் அதைச் சொல்வார்.

இப்படித் தயங்கியதன் விலை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பனிச்சறுக்கு ஊரான செர்மாட்டில் 1963-ஆம் ஆண்டு குடிநீர் வழியாக டைபாய்டு பரவியது. 437 பேர் நோயுற்றார்கள், மூன்று பேர் இறந்தார்கள். ஊர் நிர்வாகம் விஷயத்தை வெளியே சொல்லத் தாமதித்தது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. விடுமுறை முடிந்து ஊர் திரும்பிய விருந்தினர்களிடம் நோய் வேறு நாடுகளில் வெளிப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்து, 2020 மார்ச்சில், ஆஸ்திரியாவின் பனிச்சறுக்கு ஊரான இஷ்கலில் கிட்டத்தட்ட அதே கதை. அங்கிருந்து திரும்பியவர்களுக்குக் கொரோனா இருப்பதைக் கண்ட ஐஸ்லாந்து, மார்ச் 5-ஆம் தேதியே இஷ்கலை ஆபத்துள்ள பகுதியாக அறிவித்தது. ஊரில் தொற்று ஏற்பட்டிருக்க வாய்ப்பு குறைவு என்றுதான் மாநில அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். மார்ச் 7-ஆம் தேதி மதுக்கூட ஊழியர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. பள்ளத்தாக்கு முழுவதும் தனிமைப்படுத்தப்பட்டது 13-ஆம் தேதி. அதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. விருந்தினர்கள் அவசர அவசரமாக வெளியேறி, நோயையும் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஏப்ரலில் இன்ஸ்ப்ருக் மருத்துவப் பல்கலைக்கழகம் ஊராரின் ரத்தத்தைச் சோதித்தபோது 42.4 சதவீதம் பேரிடம் நோய் எதிர்ப்பொருள் இருந்தது.

இந்த இரண்டு ஊர்களிலும் அறிவியல் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இல்லாமல் போனது, சீசனின் நடுவில் யாரும் வாதாடி மாற்ற முடியாதபடி முன்பே செய்துகொண்ட ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தை எழுதும்போது எண்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். குளிக்கும் கடல் நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பல கடற்கரைகளில் 100 மில்லிலிட்டர் நீரில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் என்டரோகாக்கஸ் கிருமி 104-ஐத் தாண்டினால் மூடுகிறார்கள். ஆனால் வழக்கமான சோதனையின் முடிவு வர ஒரு நாள் ஆகும். நீங்கள் இன்று மூடுவது நேற்றைய தண்ணீருக்காக. ஆகவே எண்ணோடு ஒரு மழை விதியையும் சேர்த்து எழுதுங்கள்: இவ்வளவு மழை பெய்தால், முடிவுக்குக் காத்திராமல், இத்தனை மணி நேரம் குளிக்கத் தடை. கிருமி அதிகம் சேர்வது கனமழைக்குப் பின்தான் என்பது எங்கும் பொருந்தும் அனுபவம். மீண்டும் திறப்பதற்கான நிபந்தனையையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். எப்போது திறக்கும் என்று தெரிந்தால் மூடுவதை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். எப்போது என்று தெரியாத மூடல்தான் கோபத்தைக் கிளப்புகிறது.

அடுத்தது தலைக்கணக்கு. உங்களுக்கு நிதியும் பணியிடங்களும் நாலாயிரம் பேருக்குக் கணக்கிட்டுத் தரப்படும். உங்கள் பொறுப்போ இன்றிரவு அந்த ஊரில் தூங்கும் அத்தனை பேருக்கும். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது, ஆளுக்கொன்று சொல்வார்கள். மூன்று இடங்களில் அது ஒளிந்திருக்கிறது: நாள்தோறும் இறைக்கப்படும் குடிநீர், சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் கழிவுநீர், அள்ளப்படும் குப்பையின் எடை. இந்த மூன்றையும் வாரவாரியாக ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். சீசன் உண்மையில் எப்போது தொடங்குகிறது, உச்சம் எந்த வாரம் என்பது தெரிந்துவிடும். நிதிக் கூட்டத்துக்கு அந்த வரைபடத்தையே எடுத்துச் செல்லுங்கள்.

இனி தண்ணீர். இந்த ஊர்களின் அடிப்படைப் பலவீனம் இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் ஈரி ஏரியில் சவுத் பாஸ் என்றொரு தீவு. குளிர்காலத்தில் சில நூறு பேர் மட்டும் வாழும் இடம். கோடையில் கூட்டம் அலைமோதும். 2004 கோடையில் அங்கே சுமார் 1,450 பேருக்கு வயிற்றுநோய் வந்தது. நோரோ வைரஸ், கேம்பைலோபேக்டர், சால்மோனெல்லா, ஜியார்டியா என்று ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் கிடைத்தன. பல கிருமிகள் ஒன்றாகக் கிடைத்தால் ஒரு சமையல்காரரையோ ஒரு பதார்த்தத்தையோ தேடிப் பயனில்லை. கழிவுநீர் எங்கோ குடிநீரில் கலந்திருக்கிறது என்று பொருள். அங்கே நடந்ததும் அதுதான். தீவின் அடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. செப்டிக் டேங்குகளின் கழிவு நிலத்தடி நீருக்கு இறங்கி, கிணறுகள் வழியாகக் குவளைக்கு வந்துவிட்டது.

உங்கள் ஊரிலும் செப்டிக் டேங்குகள் இருக்கும். அவற்றைக் கட்டியபோது வீட்டில் இத்தனை படுக்கையறை, இத்தனை பேர் என்று கணக்கிட்டிருப்பார்கள். இப்போது அதே வீடு வாரவாடகைக்கு விடப்பட்டு, கூடத்திலும் ஆட்கள் படுக்கிறார்கள். தொட்டியில் கழிவு தங்கித் தெளிய வேண்டிய நேரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. எனவே முதல் ஆண்டில் ஒரே ஒரு வரைபடம் தயாரிக்க முடியும் என்றால் இதைத் தயாரியுங்கள்: எந்தக் கிணறு எங்கே, எந்தத் தொட்டி எங்கே, இடைத்தூரம் எவ்வளவு, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது. சீசன் இல்லாத மாதங்களில் இரண்டு பேர் நடந்தே முடிக்கக்கூடிய வேலை இது.

மாதக்கணக்கில் மூடிக் கிடந்த விடுதியைத் திறக்கும் நாளும் முக்கியமானது. நீங்களே ஒருமுறை ஆய்வாளருடன் போய்ப் பாருங்கள். மேல்மாடியில், தண்ணீர்த் தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் அறைக்குப் போகச் சொல்வேன். குழாயைத் திறந்ததும் முதலில் காற்று செருமும், பிறகு பழுப்பு நிறத்தில் தண்ணீர் வரும், சற்று நேரத்தில் தெளிந்துவிடும். விடுதிக்காரர் "பாருங்கள், சுத்தமாகிவிட்டது" என்பார். சோதனைக் குப்பியில் பிடித்து, குளோரின் மாத்திரையைப் போட்டு மூடிக் குலுக்குங்கள். இளஞ்சிவப்பு நிறம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அந்தத் தண்ணீரில் கிருமியைக் கொல்ல எஞ்சிய குளோரின் இல்லை. தேங்கிக் கிடந்த குழாய்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. நிறம் வரும்வரை ஒவ்வொரு குழாயாக, ஷவர் தலைகளையும் கழற்றிக் கழுவி, ஓடவிட வேண்டும். நிறம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கும் அனுப்ப வேண்டும். சீசனுக்கு மட்டும் இயங்கும் குடிநீர் அமைப்புகள் தண்ணீர் வழங்கத் தொடங்கும் முன் இத்தகைய தொடக்கப் பணிகளை முடித்துச் சான்றளிக்க வேண்டும் என்று 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதி சொல்கிறது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லையென்றால் உள்ளூர் உரிமத்தின் நிபந்தனையாக அதைச் சேர்த்துவிடுங்கள்.

தேங்கிய வெந்நீர்க் குழாய்களில் லெஜியோனெல்லா வளரும்; நீர்த்திவலைகளோடு மூச்சில் புகுந்து கடும் நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியா அது. வெந்நீர்த் தொட்டி 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இதமான சூட்டில் அந்தக் கிருமி செழிக்கும். இந்த நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு முதல் பத்து நாள் வரை, சிலருக்கு இன்னும் அதிகமாகவும் ஆகும். அதற்குள் விருந்தினர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். மூச்சுத் திணறி அவர் சேரும் மருத்துவமனை உங்கள் ஊரிலிருந்து வெகு தொலைவில் இருக்கும். அங்குள்ள மருத்துவர் "சமீபத்தில் எங்கே தங்கினீர்கள்?" என்று கேட்டால்தான் உங்களுக்கு விஷயம் தெரியவரும்.

சீசன் ஊரின் தனித்தன்மை இதுதான்: உங்கள் நோயாளிகள் உங்கள் புள்ளிவிவரத்தில் வருவதில்லை. பதிவேடு சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளக் கூடாது. ஐரோப்பாவில் இதற்கென்றே ஒரு கண்காணிப்பு வலையமைப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே விடுதியோடு தொடர்புடைய இரண்டு லெஜியோனெல்லா நோயாளிகள் வெவ்வேறு நாடுகளில் தென்பட்டாலும் அதை ஒரு தொகுப்பாகக் கருதி விசாரணை தொடங்குகிறார்கள். உங்கள் அளவில் செய்யக்கூடியது என்ன? விருந்தினர்கள் அதிகம் வரும் நகரங்களின் சுகாதாரத் துறைகளுக்கு, சீசனுக்கு முன்பே உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் போய்ச் சேர வேண்டும். அங்கே தொற்றுநோய்ப் பிரிவில் இருப்பவர் உங்கள் குரலை ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். முகம் தெரியாத அலுவலகத்துக்கு யாரும் சந்தேகத்தின் பேரில் தொலைபேசி செய்வதில்லை.

வந்து போனவர்களே தகவல் தருவார்கள் என்பதற்கும் நல்ல சான்று உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராவின்ஸ்டவுன், மூவாயிரத்துச் சொச்சம் பேர் நிரந்தரமாக வாழும் கடற்கரை ஊர். 2021 ஜூலையில் அங்கே கொரோனா பரவியபோது, ஊர் திரும்பிய பலர் தாங்களாகவே முன்வந்து சோதனை செய்துகொண்டு, எங்கே போனோம், யாருடன் இருந்தோம் என்பதை மறைக்காமல் சொன்னார்கள். அந்த மாநிலத்தைச் சேர்ந்தவர்களில் மட்டும் 469 நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 74 சதவீதம் பேர் தடுப்பூசியை முழுமையாகப் போட்டிருந்தவர்கள். கொரோனாவின் டெல்டா வகை, தடுப்பூசி போட்டவர்களிடமும் பரவும் என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய தரவுகளில் அது ஒன்று. அமெரிக்காவின் முகக்கவச அறிவுரையே அதை ஒட்டி மாறியது. தங்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் அவ்வளவு பேர் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, உணவகங்களிலும் விடுதிகளிலும் சீசனுக்கென்று வந்து வேலை செய்பவர்கள். இவர்கள் விருந்தினர் பட்டியலிலும் இல்லை, ஊரார் பட்டியலிலும் இல்லை. ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். நான் விசாரித்த ஒரு வாந்திபேதிச் சம்பவத்தில், உணவகத்தின் பதிவேட்டில் "உடல்நலக் குறைவு: யாருமில்லை" என்று நாள்தோறும் எழுதியிருந்தார்கள். காய்கறி நறுக்கும் இளைஞரைத் தனியே அழைத்துப் பேசினோம். இரவு முழுக்க வாந்தி எடுத்ததாகவும், காலையில் சரியாகிவிட்டதால் வேலைக்கு வந்ததாகவும் சொன்னார். வராத நாளுக்குக் கூலி கிடையாது. தங்கும் அறையோ முதலாளியுடையது. அவரிடம் போய் விதியைச் சொல்லி என்ன பயன்?

நோரோ வைரஸ் கண்டவர், வாந்தியும் பேதியும் நின்ற பிறகும் குறைந்தது 48 மணி நேரம் உணவைத் தொடக் கூடாது. கைகழுவும் ஆல்கஹால் திரவம் இந்த வைரஸிடம் அதிகம் எடுபடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. இதெல்லாம் சுவரொட்டியில் இருக்கும். அந்த 48 மணி நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள் என்பது எந்தச் சுவரொட்டியிலும் இருக்காது. உரிமையாளர்களை உட்காரவைத்துப் பேச வேண்டியது இதைத்தான். இரண்டு நாள் கூலியையும், சமையலறையை ஒரு வாரம் மூடினால் வரும் நட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டதை அந்த ஒப்பந்தத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள்.

தொழிலாளர்கள் வந்து சேரும் முதல் வாரத்திலேயே அவர்கள் தங்கும் இடத்துக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள். அலுவலக நேரத்தில் அவர்கள் வர மாட்டார்கள். சமையலறை மூடிய பிறகு இரவு பதினொரு மணிக்குப் போக வேண்டியிருக்கும். தட்டம்மைக்கு இது மிக அவசியம். சமூகத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு இருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். தொற்றியவரோடு பழகியவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் பலன் உண்டு. ஆறு பேர் படுக்கும் அறையில் ஒருவருக்குத் தடிப்பு தெரிந்த பிறகு மொழிபெயர்ப்பாளரைத் தேடினால் அந்த 72 மணி நேரம் தேடுவதிலேயே போய்விடும்.

உள்ளூர் மண்ணுக்கே உரிய நோய்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஊருக்கு ஊர் இது மாறும். அமெரிக்காவின் மார்த்தாஸ் வைன்யார்ட் தீவில் 2000-ஆம் ஆண்டு கோடையில் 15 பேருக்கு, முயல், எலி போன்ற விலங்குகளிடமிருந்து தொற்றும் துலரீமியா என்ற பாக்டீரியா நோய் வந்து ஒருவர் இறந்தார். புல்வெட்டும் இயந்திரம் கிளப்பிய தூசியோடு கிருமி நுரையீரலுக்குள் போயிருந்தது. அதே நாட்டின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 2012-இல், எலி எச்சம் கலந்த தூசியை மூச்சில் இழுப்பதால் தொற்றும் ஹான்டா வைரஸ் பத்துப் பேரைத் தாக்கி மூவரைக் கொன்றது. கூடாரக் குடில்களின் இரட்டைச் சுவருக்குள் எலிகள் கூடு கட்டியிருந்தன. இரண்டிலிருந்தும் ஒரே நடைமுறை கிடைக்கிறது: நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. கதவு சன்னல்களைத் திறந்து காற்றோடவிட்டு, எச்சங்களைக் கிருமிநாசினியால் நனைத்து, பிறகு துடைத்தெடுக்க வேண்டும். அறை துடைக்கும் பெண்களுக்கு இதை யார் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஐந்து பேரைக் கொண்டு இதையெல்லாம் எப்படிச் செய்வது? செய்ய முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்து ஊர்களோடும் மாவட்டத்தோடும் ஆள் பரிமாற்ற ஒப்பந்தம் தேவை; அதுவும் சீசனுக்கு முன்பே. சிறிய விஷயம்போலத் தோன்றும் ஒன்றையும் சோதித்துப் பாருங்கள்: ஞாயிற்றுக்கிழமை மதியம் எடுத்த மல மாதிரியும் நீர் மாதிரியும் எந்த வண்டியில், யார் கையில், எத்தனை மணிக்கு ஆய்வகம் போய்ச் சேரும்? அமெரிக்க விதிப்படி குடிநீர் மாதிரியை 30 மணி நேரத்துக்குள் சோதிக்கத் தொடங்க வேண்டும். கடைசிப் படகு போய்விட்டால் அந்தக் கடிகாரம் நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் பெட்டியை அனுப்பி ஒத்திகை பாருங்கள். எங்கே சிக்குகிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

உங்கள் ஆய்வாளர்களின் விடுப்பையும் இப்போதே திட்டமிடுங்கள். உச்ச வாரங்களில் யாருக்கும் விடுப்பில்லை என்று உத்தரவு போடுவது எளிது. மூன்றாம் ஆண்டில் அவர்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள், அந்த ஊரின் ஒவ்வொரு கிணற்றையும் அறிந்த நினைவும் அவர்களோடு போய்விடும்.

கூட்டம் கலைந்த பிறகு எஞ்சும் நாலாயிரம் பேரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் துறையின் வேர் அவர்களிடம்தான் இருக்கிறது. வேலை இல்லாத மாதங்களில் குடிப்பழக்கம் கூடும், மனச்சோர்வு கூடும். தனியே வாழும் முதியவர்களின் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். மனநல மருத்துவர் அருகில் இருக்க மாட்டார். சுகாதாரத் துறை விருந்தினர்களுக்காகத்தான் நடக்கிறது என்று ஊரார் நினைத்துவிட்டால், சீசனில் நீங்கள் மூடச் சொல்லும் நாளில் உங்கள் பக்கம் பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள். செவிலியர் வீடு வீடாகப் போய் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போடுவதும், முதியவரின் மாத்திரைப் பெட்டியைச் சரிபார்ப்பதும், துயரத்தில் இருப்பவரை வாரம் ஒருமுறை தொலைபேசியில் விசாரிப்பதும் அந்த மாதங்களின் தலையாய வேலை. விடுதிக்காரரின் தாயாருக்கு ஊசி போட்ட செவிலியரே பிற்பாடு அந்தச் சமையலறையை மூடச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு இருக்கும் எடை வேறு.

சீசன் முடிவதற்கு முந்தைய வாரத்தில், தொழிலாளர்கள் பிரிந்து போவதற்குள், ஒரு மதியம் ஒதுக்கி எல்லாரையும் கூட்டுங்கள்: உரிமையாளர்கள், படகு நிறுவனத்தார், மருத்துவமனைச் செவிலியர், சமையல்காரர்கள் சிலர். அந்தத் தாளை மேசையில் வைத்து, எந்த எண் வேலை செய்தது, எது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை, எந்தத் தகவல் யாரிடம் சிக்கிக்கொண்டது என்று வரிவரியாகக் கேளுங்கள். திருத்திய தாளில் புதிய கையெழுத்துகள் அடுத்த சீசனுக்கான முன்பதிவு தொடங்கும் முன் விழுந்துவிட வேண்டும். முன்பணம் வாங்கிய பிறகு யாரும் மூடல் நிபந்தனையில் கையெழுத்திட விரும்புவதில்லை.